ஒரு வாட் ஜீனரும் பிழை எண் 71-ம்: வீட்டில் செய்த யூஎஸ்பி பலகை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

எனக்குப் பழக்கமான இளைஞர் ஒருவர் மின்னணுவியலைப் பொழுதுபோக்காகக் கற்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகிறது. வீடியோ தொகுக்கும்போது அடிக்கடி தேவைப்படும் ஆறு கட்டளைகளை ஆறு பொத்தான்களில் வைத்துவிட வேண்டும், கணினிக்கு அது ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டாகத் தெரிய வேண்டும் என்பது அவர் திட்டம். கையில் ஏடிமெகா 328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் ஏற்றி இயக்கும் சிறு கணினி) சிப் ஒன்று இருந்தது. ஒரு டாட் போர்டு (சால்டர் செய்ய வரிசையாகத் துளையிட்ட பலகை), சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், பழைய மவுஸிலிருந்து வெட்டிய கேபிள் ஆகியவற்றை வைத்து உள்ளங்கை அளவில் பலகையைச் செய்து முடித்தார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

இந்தச் சிப்புக்குள் யூஎஸ்பிக்கென்று வன்பொருள் எதுவும் கிடையாது. வி-யூஎஸ்பி என்ற நிரல் நூலகம் அந்த வேலை முழுவதையும் மென்பொருளிலேயே செய்கிறது. யூஎஸ்பியின் குறைவேக முறையில் நொடிக்கு 15 லட்சம் பிட்டுகள் ஓடும். சிப் 12 மெகாஹெர்ட்ஸில் இயங்கினால் ஒரு பிட்டுக்குக் கிடைப்பது எட்டே எட்டுக் கடிகாரத் துடிப்புகள். அதற்குள் கம்பியைப் பார்த்து, பிட்டைப் பிரித்து, அடுத்ததற்குத் தயாராக வேண்டும். கம்பி மேல் நடக்கிற வித்தைதான். ஆனாலும் நன்றாகவே நடக்கும். சிப்புக்குள் நிரல் ஏற்றும் கருவியான யூஎஸ்பிஏஎஸ்பி புரோகிராமர் இந்த நூலகத்தை நம்பித்தான் இயங்குகிறது.

அவர் போட்ட சுற்று, இந்த நூலகத்தோடு பலரும் பயன்படுத்தும் வழக்கமான சுற்று. யூஎஸ்பியின் இரண்டு தரவுக் கம்பிகளில் டி பிளஸ் சிப்பின் 4-ஆம் காலுக்கு (கம்பியில் மாற்றம் வந்ததும் சிப்பை உடனே கவனிக்கவைக்கும் வெளி இன்டரப்ட் அங்கேதான் இருக்கிறது), டி மைனஸ் 6-ஆம் காலுக்கு. இரண்டிலும் தொடராக 68 ஓம் ரெசிஸ்டர். சிப் நேராக 5 வோல்ட்டில் ஓடுகிறது, யூஎஸ்பி தரவுக் கம்பிகளோ 3.6 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. அதனால் ஒவ்வொரு கம்பியிலிருந்தும் கிரவுண்டுக்கு, மின்னழுத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பிடித்துவைக்கும் 3.6 வோல்ட் ஜீனர் டையோடு ஒன்று. கடைசியாக, டி மைனஸிலிருந்து 5 வோல்ட்டுக்கு 1.5 கிலோஓம் புல்-அப், அதாவது கம்பியை மேலே இழுத்து வைக்கும் ரெசிஸ்டர். ‘நான் குறைவேகச் சாதனம்’ என்று கணினிக்குச் சொல்வது இந்த ரெசிஸ்டர்தான். காகிதத்தில் பார்த்தால் ஒரு தப்பும் இல்லை.

முதல் வாரம்: அவர் தனியாகச் செய்தவை

செருகியதும், சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை என்ற அறிவிப்பு வந்தது. லினக்ஸ் கணினியில் செருகிக் கர்னல் லாகைப் (இயங்குதளத்தின் மையப் பகுதி எழுதிவைக்கும் பதிவை) பார்த்தார். புதிய குறைவேகச் சாதனம் வந்திருப்பதாக ஒரு வரி. அடுத்து, சாதன விவரத்தைப் படிக்க முடியவில்லை, பிழை மைனஸ் 71 என்று இரண்டு மூன்று தடவை. அப்புறம் கைவிட்டுவிட்டதாக ஒரு வரி. பழைய ஹப் ஒன்றின் வழியாகச் செருகினால் மட்டும் எப்போதாவது ஒரு முறை கீபோர்டாக வந்துவிடும். அந்த ‘எப்போதாவது’தான் அவரை ஒரு வாரம் அலைக்கழித்தது. ஒரு தடவை வேலை செய்ததென்றால் சுற்று சரிதானே, மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவு கட்டிக்கொண்டு நிரலை நான்கு முறை திருத்தினார்.

அதில் பலன் இல்லாததால் பலகையில் கை வைத்தார். மின்சாரம் போதவில்லையோ என்று 470 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைச் சேர்த்தார். (யூஎஸ்பியின் 5 வோல்ட் கம்பியில் ஒரு சாதனம் வைக்கலாம் என்று விதி அனுமதிப்பது 10 மைக்ரோஃபாரட் வரைதான்.) தரவுக் கம்பிகளை இடம் மாற்றினார். வேறு கேபிள் சால்டர் செய்தார். இத்தனையும் ஒரே இரவில், நடுவில் எதையும் தனியாகச் சோதிக்காமல். அந்த இரவுக்குப் பிறகு ஹப் வழியாகக் கிடைத்துக்கொண்டிருந்த அந்த அபூர்வ வெற்றியும் நின்றுபோனது.

என்னிடம் வந்தபோது

“எல்லாத்தையும் மாத்திப் பாத்துட்டேன் அண்ணா, ஒண்ணும் ஆகல” என்றார். “மாத்துறதுக்கு முன்னாடி லாக்ல என்ன இருந்துச்சு தம்பி?” என்று கேட்டேன். நல்ல வேளை, ஒவ்வொரு நாளும் திரையைப் படம் எடுத்து வைத்திருந்தார். முதல் நாள் படத்தில் ‘குறைவேகச் சாதனம்’ என்றிருந்தது. கடைசி நாள் படத்தில் ‘முழுவேகச் சாதனம்’ என்று மாறியிருந்தது. அவர் கவனித்ததெல்லாம் பிழை எண்ணை மட்டுமே, இந்த ஒரு சொல் மாறியதைப் பார்க்கவில்லை.

சாதனத்தின் வேகத்தைக் கணினி தீர்மானிப்பது எந்தத் தரவுக் கம்பியில் புல்-அப் இருக்கிறது என்பதை வைத்துத்தான். டி மைனஸில் இருந்தால் குறைவேகம், டி பிளஸில் இருந்தால் முழுவேகம், அதாவது நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட். அப்படியென்றால் முதல் நாள் கம்பிகள் சரியாகவே இருந்திருக்கின்றன. பழுது பார்க்கிறேன் என்று மாற்றிப் போட்டதால் இரண்டாவது பழுது ஒன்று உள்ளே வந்துவிட்டது.

அதனால் நான் எடுத்த முதல் முடிவு, எதையும் சரிசெய்யாமல் முதல் நாள் நிலைக்குப் பலகையைத் திருப்புவது. 470 மைக்ரோஃபாரட்டைக் கழற்றினோம். கேபிளை நிறம் பார்த்து நம்பாமல், செருகியின் நான்கு தகடுகளிலிருந்து மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்த்தோம்: 5 வோல்ட், டி மைனஸ், டி பிளஸ், கிரவுண்ட் என்ற வரிசை. சிவப்பு, வெள்ளை, பச்சை, கறுப்பு என்பது வழக்கம்தான். ஆனால் மலிவான மவுஸ் கேபிள்கள் அந்த வழக்கத்தை மதிப்பதில்லை. இவருடைய கேபிளில் நிறங்கள் சரியாகவே இருந்தன. கம்பிகளைப் பழையபடி போட்டதும் லாகில் ‘குறைவேகம்’ திரும்பி வந்தது, கூடவே பிழை 71-ம். பழைய பழுது திரும்பக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அவருக்கு அவ்வளவாக இல்லை.

இன்னொரு விஷயமும் அப்போது தெரிந்தது. புதிய ஃபர்ம்வேரை (சிப்புக்குள் ஓடும் நிரலை) ஏற்றிய பிறகு பல தடவை கேபிளைப் பிடுங்கிச் செருகாமலே அவர் முடிவு பார்த்திருக்கிறார். புல்-அப் நிரந்தரமாக 5 வோல்ட்டில் கட்டியிருக்கும்போது, சிப் மறுதொடக்கம் ஆனாலும் கணினிக்குச் சாதனம் போய் வந்தது தெரியாது. ஆகவே அந்த நான்கு நிரல் திருத்தங்களில் எது எதைச் செய்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அந்தக் குறிப்புகளை அப்படியே ஒதுக்கினோம்.

கடிகாரத்தைப் பார்த்தது

குறைவேக யூஎஸ்பியில் கடிகாரம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. புதிய 328பி சிப் வரும்போதே தனக்குள் இருக்கும் துடிப்பு மூலமான உள் ஆஸிலேட்டரில், அதையும் எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். சிப்பின் அமைப்பைக் குறித்துவைக்கும் ஃபியூஸ் பிட்டை மாற்றினால்தான் வெளிக் கிரிஸ்டலுக்குப் போகும். இந்த வகைப் பலகைகளில் நான் பார்த்த கோளாறுகளில் இது அடிக்கடி வருவது என்பதால் முதலில் இதையே சோதித்தேன்.

அதற்கு ஆஸிலோஸ்கோப் வேண்டாம். நொடிக்கு ஒரு முறை எல்இடியை மினுக்கும் நிரலை 12 மெகாஹெர்ட்ஸ் என்று சொல்லிக் கம்பைல் செய்து ஏற்றி, கைக்கடிகாரத்தை வைத்து 60 மினுக்கல்களை எண்ண வேண்டும், அவ்வளவுதான். 60 நொடியில் முடிந்தால் சரி. 90 நொடி ஆனால் சிப் உள் ஆஸிலேட்டரின் 8 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது. 12 நிமிடம் ஆகுமென்று தோன்றினால் 1 மெகாஹெர்ட்ஸ். இவருடையது 60 நொடியில் முடிந்தது. கிரிஸ்டலும் ஃபியூஸும் குற்றமற்றவை.

நான் செய்த தவறு

அடுத்து, சும்மா இருக்கும்போது தரவுக் கம்பிகளில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று அளக்க நினைத்தேன். கணினியில் செருகினால் அது திரும்பத் திரும்ப ரீசெட் கொடுக்கும், மீட்டர் எண் குதிக்கும். அதனால் பலகையை ஃபோன் சார்ஜரில் செருகச் சொன்னேன். மின்சாரம் வரும், பேச்சு இருக்காது, அமைதியாக அளக்கலாம் என்று கணக்கு.

டி பிளஸ், டி மைனஸ் இரண்டிலும் ஒரே வோல்ட் காட்டியது. சால்டர் பாலம்தான் (சால்டர் வழிந்து இரண்டு கம்பிகளையும் ஒட்டவைப்பது) என்று துள்ளிக் குதித்தேன். பூதக்கண்ணாடி, பிளேடு, ஆல்கஹால், பிரஷ் என்று அரை மணி நேரம் இரண்டு பேரும் பலகையைச் சுரண்டினோம். பாலம் எங்கேயும் இல்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு ஓம் அளந்தால் இரண்டு கம்பிக்கும் நடுவே ஷார்ட்டும் இல்லை. பிறகுதான் உறைத்தது: சார்ஜ் செய்ய மட்டுமே ஆன யூஎஸ்பி அடாப்டர்களில் டி பிளஸையும் டி மைனஸையும் உள்ளுக்குள் ஒன்றாக இணைத்திருப்பார்கள். அது சார்ஜர்தான் என்று ஃபோன் தெரிந்துகொள்வதே அப்படித்தான். நான் அளந்தது பலகையை அல்ல, சார்ஜரை.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் இதே பொறியில் இன்னொருவர் விழுவார் என்பது நிச்சயம்.

2.2 வோல்ட்

சரி, கணினிக்கே திரும்பினோம். செருகிவிட்டு, லாகில் ‘கைவிட்டேன்’ என்ற வரி வரும்வரை காத்திருந்து, அதற்கப்புறம் அளந்தோம். டி பிளஸில் ஏறக்குறைய பூஜ்யம். குறைவேகச் சாதனத்துக்கு அது சரி. டி மைனஸில் 2.2 வோல்ட். அங்கே இருக்க வேண்டியது 2.7-க்கும் 3.6-க்கும் நடுவே.

எண் ஏன் இவ்வளவு தாழ்ந்தது? சந்தேகம் உடனே ஜீனர் மீது விழுந்தது. கண்ணாடி உடலில் எழுதியிருந்ததைப் படித்தால் 1என்4729ஏ. 3.6 வோல்ட்தான், ஆனால் ஒரு வாட் வகை. “அரை வாட்டும் இருந்துச்சு, ஒரு வாட்னா இன்னும் பாதுகாப்புன்னு எடுத்தேன்” என்றார். ரெசிஸ்டரில் அந்தத் தர்க்கம் சரி. கொஞ்சம் பெரிய வாட் போட்டால் சூடு குறையும், வேறு எதுவும் மாறாது. ஜீனரில் அப்படி இல்லை.

ஜீனர் மீது எழுதியிருக்கும் வோல்ட், ஒரு குறிப்பிட்ட மின்னோட்டத்தில் மட்டுமே உண்மை. 1என்4729ஏ-க்கு அந்த மின்னோட்டம் 69 மில்லிஆம்பியர். சாதாரண அரை வாட் 3.6 வோல்ட் ஜீனருக்கு 5 மில்லிஆம்பியர். நம் சுற்றில் 1.5 கிலோஓம் வழியாக வருவதோ 2 மில்லிஆம்பியருக்கும் குறைவு. குறைந்த வோல்ட் ஜீனர்கள் சட்டென்று ஒரு புள்ளியில் கடத்தத் தொடங்குவதில்லை. மெல்ல மெல்லக் கசிந்துதான் தொடங்கும். 69 மில்லிஆம்பியரில் 3.6 வோல்ட் காட்ட வேண்டிய டையோடு, 2 மில்லிஆம்பியரில் 2.2 வோல்ட்டிலேயே கம்பியைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டது.

இதோடு மீதிப் புதிரும் அவிழ்ந்தது. கணினியின் பக்கம் 2 வோல்ட்டைத் தாண்டிய எதையும் ‘உயர்’ நிலையாக எடுத்துக்கொள்ளும். 2.2 இருந்ததால் சாதனம் வந்திருப்பதும் அது குறைவேகம் என்பதும் கணினிக்குப் புரிந்தது. பிறகு கணினி பேசத் தொடங்குகிறது. அது பேசுவது சுமார் 3.3 வோல்ட்டில். ஆனால் 5 வோல்ட்டில் ஓடும் இந்தச் சிப், தன் மின்னழுத்தத்தில் 60 சதவீதம், அதாவது 3 வோல்ட் வந்தால்தான் ஒன்று என்று ஏற்பதாகத் தரவுத்தாள் உறுதி தருகிறது. நல்ல ஜீனரோடுகூட இடைவெளி 0.3 வோல்ட்தான். ஒரு வாட் ஜீனர் அந்த இடைவெளியையும் உறிஞ்சிவிடுகிறது. கணினி கேள்வி கேட்கிறது, சிப்புக்குக் காதில் சரியாக விழவில்லை, பதில் வரவில்லை, பிழை 71. விளிம்பில் நிற்கும் சுற்று, எதிரே இருக்கும் போர்ட் சற்று வலுவாகப் பேசினால் வேலை செய்யும், இல்லையென்றால் செய்யாது. அந்த ஹப்பில் கிடைத்த அபூர்வ வெற்றி ‘சுற்று சரி’ என்பதற்குச் சாட்சியாகத் தெரிந்தது. உண்மையில் அது நேர்மாறானதற்குச் சாட்சி.

எடுத்த முடிவும் அதன் காரணமும்

“ஜீனரைக் கழட்டிட்டு ஒரே ஒரு தடவை பாக்கலாமா?” என்று கேட்டார். மறுத்துவிட்டேன். ஜீனர் இல்லாவிட்டால் 5 வோல்ட்டில் ஓடும் சிப் தரவுக் கம்பியை 5 வோல்ட்டுக்கே தள்ளும். எதிரே இருப்பது அவருடைய கணினியின் போர்ட். பத்து நொடிச் சோதனைக்கு அதைப் பணயம் வைக்க வேண்டாம்.

மிஞ்சியது இரண்டு வழி. அரை வாட் ஜீனர்களை மாற்றிப் போடுவது எளிது, நான்கு கால்களைச் சால்டர் செய்தால் போதும், பலருக்கு அது நன்றாகவே ஓடுகிறது. மற்றது, சிப்பையே 3.3 வோல்ட்டில் ஓட்டி ஜீனர்களை அடியோடு எடுத்துவிடுவது. நான் இரண்டாவதைச் சொன்னேன். 3.3 வோல்ட்டில், சிப் ஒன்று என்று ஏற்கும் வாசல் 1.98 வோல்ட்டாக இறங்குகிறது. கணினி பேசும் 3.3 அதைத் தாராளமாகத் தாண்டும். 0.3 வோல்ட்டாக இருந்த இடைவெளி 1.3 ஆகிறது.

தடையாக இருக்கக்கூடியது வேகம் ஒன்றுதான். 328பி சிப் 2.7 வோல்ட்டில் 10 மெகாஹெர்ட்ஸ், 4.5 வோல்ட்டில் 20 மெகாஹெர்ட்ஸ், நடுவே நேர்கோடு என்று தரவுத்தாள் சொல்கிறது. அந்தக் கோட்டில் 12 மெகாஹெர்ட்ஸுக்குத் தேவை 3.06 வோல்ட். ஆகவே 3.3 போதும். 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டிருந்தால் 3.78 வோல்ட் தேவைப்பட்டிருக்கும், இந்த வழி அடைபட்டிருக்கும். அவர் 12 எடுத்தது அதிர்ஷ்டம்.

3.3 வோல்ட் ரெகுலேட்டர் கையில் வருவதற்கு இரண்டு நாள் ஆகும் என்றதால், இடைக்காலமாக 5 வோல்ட் கம்பியில் இரண்டு 1என்4148 டையோடுகளைத் தொடராகப் போட்டோம். ஒவ்வொன்றும் சுமார் 0.7 வோல்ட் விழுங்கும். சிப்புக்கு 3.6 வோல்ட் வந்தது. ஜீனர்களைக் கழற்றினோம். இதைவிட முக்கியம், புல்-அப் ரெசிஸ்டரின் மேல் முனையை 5 வோல்ட்டிலிருந்து எடுத்துச் சிப்பின் மின்னழுத்தத்துக்கு மாற்றியது. மறந்திருந்தால், கணினிக்குள் இருக்கும் 15 கிலோஓம் புல்-டவுனோடு (கம்பியைக் கீழே இழுக்கும் ரெசிஸ்டரோடு) பங்கிட்டுக்கொண்டு, டி மைனஸில் 4.5 வோல்ட் நின்றிருக்கும். தடுக்க ஜீனரும் இருந்திருக்காது. எல்லாம் முடித்துக் கணினியில் செருகியதும் முதல் தடவையே கீபோர்டாக வந்தது.

பின் நடந்தது

இரண்டு நாள் கழித்து ரெகுலேட்டர் வந்தது. அதைப் போட்டதும் டி மைனஸின் எண் 2.98 வோல்ட். 3.3-ஐ 1.5 கிலோஓமும் 15 கிலோஓமும் பங்கிட்டால் 3.0 வர வேண்டும் என்று முன்பே காகிதத்தில் போட்டு வைத்திருந்தோம். எண் அதை ஒட்டியே நின்றது. ஆறு சென்டிமீட்டர் தள்ளிக் கிடந்த 100 நானோஃபாரட் கெபாசிட்டரையும் சிப்பின் 7, 8-ஆம் கால்களுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தோம். மூன்று கணினிகளில், ஹப்போடும் ஹப் இல்லாமலும், ஒவ்வொன்றிலும் இருபது தடவை செருகிப் பார்த்தார். எல்லாத் தடவையும் வந்தது.

ஒரு சின்ன வால் மிச்சமிருந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே கேபிளைச் செருகினால் சில சமயம் சாதனம் வரவில்லை. இது நிரலில் இருந்த கோளாறு. பொத்தான் நடுக்கத்தை (ஒரு அழுத்தமே பல அழுத்தங்களாகத் தெரிவதை) தவிர்க்க, அழுத்தம் தெரிந்ததும் 100 மில்லிநொடி சும்மா காத்திருக்கும்படி எழுதியிருந்தார். வி-யூஎஸ்பியின் முக்கியச் செயற்கூறை (ஃபங்ஷனை) 50 மில்லிநொடிக்கு ஒரு முறைக்குள்ளாவது கூப்பிட்டாக வேண்டும். காத்திருப்பை எடுத்துவிட்டு, டைமர் எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்படி மாற்றியதும் அதுவும் போயிற்று. முதல் வாரம் மென்பொருள்தான் என்று அவர் சந்தேகப்பட்டது முழுக்கத் தவறும் இல்லை.

மறுபடி செய்தால்

சால்டர் இரும்பைச் சூடாக்கும் முன் மீட்டரை எடுத்திருந்தால் முதல் நாளே 2.2 கண்ணில் பட்டிருக்கும். இப்போது அவர் தன் நோட்டில், இந்த வகைப் பலகை எதைச் செய்தாலும் முதல் பக்கத்தில் மூன்று எண்களை எழுதுகிறார்: சிப்பின் மின்னழுத்தம், சும்மா இருக்கும்போது டி பிளஸ், டி மைனஸ். லாகில் வேகத்தைச் சொல்லும் சொல்லையும் பிழை எண்ணோடு சேர்த்துக் குறிக்கிறார். நான் சார்ஜரில் செருகி அளக்கச் சொல்வதை விட்டுவிட்டேன்.

புதிய ஏற்பாட்டில் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைச் செய்ய நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும். அவருடைய புரோகிராமர் சிப்புக்கு 5 வோல்ட் கொடுக்கும் வகை. யூஎஸ்பி கேபிள் செருகியிருக்கும்போது அதையும் மாட்டினால், சிப் 5 வோல்ட்டுக்கு ஏறிவிடும். தரவுக் கம்பிகளைத் தடுக்க இப்போது ஜீனர் கிடையாது. அதனால் ஃபர்ம்வேர் ஏற்றும்போது கேபிளைப் பிடுங்கிவிட வேண்டும் என்பது கட்டாயம். ஞாபகத்தை நம்பாமல், யூஎஸ்பி செருகி இருக்கும்வரை புரோகிராமரின் செருகி உள்ளே நுழையாதபடி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடுத்த பலகையை வரைந்திருக்கிறார். அது இன்னும் சால்டர் ஆகவில்லை.